இருபத்தொன்றிலிருந்து ஒன்பதுக்கு

பேச்சு சிகிச்சைப் பிரிவு நான்காவது மாடியில் இருந்தது. கதவில் ‘அமைதி காக்கவும்’ என்று எழுதியிருந்தது. அதற்குக் கீழே, பிற்பாடு வந்த அனுபவத்தில் சேர்த்தது போல, ‘உரக்கப் பேசுவோர் வெளியேற்றப்படுவர்’ என்று இன்னொரு வரி. லிஃப்ட் மெக்கானிக் இரண்டையும் படித்துவிட்டு, கையிலிருந்த சீட்டை மறுபடி பார்த்தார். சரியான கதவுதான்.

பக்கத்தில் அவர் மனைவி துணித் தொப்பியைக் காதுவரை இழுத்துவிட்டுக்கொண்டு நின்றாள். மார்பில் தொடங்கிய புற்றுநோய் ஈரலுக்குப் போயிருந்தது. முதல் சுற்று ஊசி முடிந்து, அடுத்த சுற்று ஒன்பதாவது வாரத்தில் ஆரம்பம் என்று தேதி கொடுத்திருந்தார்கள். மெக்கானிக் அந்தத் தேதியைக் காலண்டரில் சிவப்பு மையால் வட்டம் போட்டு வைத்திருந்தார். போட்ட ஊசிகளின் பெயர், நேரம், ஜுரம் வந்த நாள் எல்லாம் ஒரு நோட்டில் இருந்தன. முப்பது வருடமாக லிஃப்ட் பராமரிப்பில் இருப்பவர். ஒழுங்காகக் கவனித்துக்கொண்டால் எந்த இயந்திரமும் நின்றுபோகாது என்று நம்புகிறவர்.

மனைவிக்கு அந்த அடுத்த சுற்று வேண்டாம். அதை அவள் ஒருவரிடமும் சொல்லவில்லை. இருபத்திரண்டு வருடம் மின்சார அலுவலகத்தில் புகார் தொலைபேசி எடுத்தவள். யார் வீட்டில் விளக்கு எரியவில்லை, யார் தெருவில் கம்பி அறுந்து கிடக்கிறது என்பதெல்லாம் அவள் காது வழியாகத்தான் போயிருக்கிறது. தன்னுடையதை மட்டும் எந்த எண்ணுக்குச் சொல்வது என்று தெரியவில்லை. வீட்டில் இரண்டு முறை ஆரம்பித்துப் பார்த்தாள். ‘என்னங்க, அந்த ஊசி விஷயமா’ என்று தொடங்கியதுமே அவர், அதெல்லாம் ஒன்றும் ஆகாது, நல்லாகிவிடும் என்று சொல்லிவிட்டு எழுந்து போய், ஒழுகாத குழாயைக் கழற்றி வாஷர் மாற்றினார். இரண்டாவது முறை மின்விசிறியைக் கழற்றினார். மூன்றாவது முறை சொல்ல அவளுக்கு மனம் வரவில்லை.

அப்புறம் பேச்சே குறைந்துவிட்டது. சாப்பாடு இறங்கவில்லை. உட்கார்ந்திருக்கும்போதே நெஞ்சு படபடவென்று அடித்துக்கொண்டது. ஊசி வார்டு நர்ஸ்தான் அதைக் கவனித்தார். இவங்களுக்கு மனசு விட்டுப் பேச ஓர் ஆள் வேண்டும் சார் என்று சொல்லி நான்காவது மாடிக்குச் சீட்டு எழுதிக் கொடுத்தார். அதைக் கேட்டதும் மனைவியின் முகத்தில் மாதக்கணக்கில் காணாத ஒரு தெளிவு. முன்பின் தெரியாத ஒருவரிடம் சொல்லலாம். சொன்னால் அந்த ஆள் இடிந்துபோக மாட்டார். கணவரிடம் எப்படிச் சொல்வது என்பதற்கும் அவரே ஒரு வழி சொல்லக்கூடும்.

பதிவு மேசையில் ஒரு படிவம் கொடுத்தார்கள். ஒன்பது கேள்வி. தூக்கம், பசி, அழுகை, பயம், படபடப்பு என்று வரிசையாக. ஒவ்வொன்றுக்கும் பூஜ்ஜியம் முதல் மூன்று வரை மார்க் போடவேண்டும். மருந்தினால் மனைவிக்கு விரல் நுனிகள் மரத்துப்போயிருந்தன. பேனா பிடிக்க முடியாது. அவள் சொல்லச் சொல்ல மெக்கானிக் எழுதினார். மொத்தம் இருபத்தொன்று.

மேசைக்காரர் கூட்டிப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார். பத்துக்குக் கீழே இருந்தால் சிகிச்சை தேவையில்லை. இருபதுக்கு மேலே போனால் அது பேச்சுக்கு அடங்காத சோகம். தரைத்தளத்தில் மனநோய்ப் பிரிவுக்குப் போகவேண்டும்.

தரைத்தளத்தில் மூன்று மணி நேரம் காத்திருந்து ஒரு மருத்துவரைப் பார்த்தார்கள். அவர் கோப்பைப் புரட்டினார். புற்றுநோய் வந்த ஒருவருக்கு எவ்வளவு சோகம் இருக்கவேண்டுமோ அவ்வளவுதான் இருக்கிறது. இந்த நிலையில் சிரித்துக்கொண்டிருந்தால்தான் தாம் பார்க்கவேண்டியிருக்கும் என்று விளக்கினார். கோப்பில் ‘நியாயமான சோகம்’ என்று எழுதி, நான்காவது மாடிக்கே திருப்பி அனுப்பினார்.

“நியாயமா இல்லையாங்கறது எங்களுக்கு வேண்டாம் சார். எங்களுக்கு மார்க்தான்,” என்றார் மேசைக்காரர். பிறகு சுற்றுமுற்றும் பார்த்துக் குரலைத் தணித்தார். கெட்ட மனிதர் இல்லை. “அந்த பெஞ்சுல உட்கார்ந்து, ஏதாவது ஒண்ணுல ஒண்ணே ஒண்ணைக் குறைச்சுக் கொண்டு வாங்களேன்.”

பெஞ்சில் உட்கார்ந்து கணவனும் மனைவியும் எதைக் குறைப்பது என்று யோசித்தார்கள். அழுகையில் கைவைக்கலாம் என்றால், கண்ணைப் பார்த்தாலே தெரிந்துவிடும் என்றார் அவர். பயத்தைக் குறைக்க அவளுக்கு மனமில்லை. அது ஒன்றுதான் முழு மூன்று மார்க்குக்கும் தகுதியானது என்று அவளுக்குத் தோன்றியது.

“பசியில எடுத்துருங்க,” என்றாள் கடைசியில். “நேத்து அரை டம்ளர் பால் குடிச்சேன் இல்ல.”

இருபதோடு உள்ளே போனார்கள். மேசைக்காரர் முத்திரை குத்தி வாழ்த்துச் சொன்னார்.

மொத்தம் எட்டு அமர்வு. வாரம் ஒன்று, ஒவ்வொன்றும் ஐம்பது நிமிடம். அமர்வுக்கு ஒரு பாடம் வீதம் ஆலோசகரின் கையேட்டில் எட்டுப் பாடங்கள். ஒவ்வொரு அமர்வுக்கு முன்னாலும் அதே ஒன்பது கேள்வி. மெக்கானிக்கை ‘எழுத்து உதவியாளர்’ என்று பதிவு செய்துகொண்டார்கள். படிவத்தை எழுதி முடித்ததும் அவர் வெளியே போய்விடவேண்டும். ஆலோசகர் இருபத்தாறு வயதிருக்கும் பெண். தற்காலிக வேலையில் இருந்தார். மேசைமேல் கையேடு, நிறுத்துக்கடிகாரம், டிஷ்யூ பெட்டி. பெட்டி நோயாளியின் பக்கம்.

முதல் அமர்வு, மனம் திறந்து பேச ஒப்புதல் தெரிவிக்கும் பதினோரு பக்கப் படிவத்துக்குச் சரியாக இருந்தது. பேசியதன் விளைவுகளுக்கு மருத்துவமனை பொறுப்பல்ல என்ற இடத்தில் மட்டும் நான்கு கைநாட்டு. இரண்டாவது அமர்வின் கடைசியில் ‘பகிர்வு நேரம்’ என்று நான்கு நிமிடம் இருந்தது. கடிகாரத்தை அழுத்தியதும் மனைவி முன்னால் குனிந்தாள்.

“எனக்கு ஒண்ணு சொல்லணும்மா. அடுத்த சுற்று ஊசி இருக்கு பாருங்க, அது எனக்கு...”

ஆலோசகர்ப் பெண் பதறிப்போய்க் கையேட்டைப் புரட்டினார். “மேடம், சிகிச்சை வேணுமா வேண்டாமாங்கறது, சாவு பயம், இதெல்லாம் ஏழாவது அமர்வுல வருது. இப்ப நாம ‘எனக்குப் பிடித்த நிறம்’ல இருக்கோம்.”

“ஏழாவதுல சொல்லலாமா?”

“கண்டிப்பா மேடம். அதுக்குன்னே ஒரு பாடம் இருக்கு.”

மனைவி மனத்துக்குள் நாள் எண்ணினாள். ஊசித் தேதிக்குப் பன்னிரண்டு நாள் முன்னால் ஏழாவது அமர்வு. போதும். பிடித்த நிறம் நீலம் என்றாள். ஏன் நீலம் என்பதற்கு மூன்றரை நிமிடம் மிச்சமிருந்தது.

மூன்றாவது அமர்வில் ஆலோசகர்ப் பெண் பாடத்தை வாசிக்கத் தொடங்கி இரண்டாவது வரியில் நின்றார். தொண்டையைக் கனைத்துக்கொண்டு மறுபடி அதே வரியை வாசித்தார். மனைவி அந்தக் குரலை அடையாளம் கண்டுகொண்டாள். வேலையில் இருந்தபோது, விளக்கு எரியவில்லை என்று சொல்ல வந்தவர்களில் பத்துக்கு ஒருவராவது அப்படித்தான் பேசியிருப்பார்கள்.

“அழுதுட்டு வந்து பேசற குரல் எனக்குத் தெரியும் கண்ணு. அந்தப் புத்தகத்தை மூடி வை. என்ன ஆச்சு?”

விஷயம் இதுதான். ஒவ்வொரு ஆலோசகரின் நோயாளிகளுக்கும் மாதம் சராசரியாக நாலு மார்க் குறையவேண்டும். இந்தப் பெண்ணிடம் வந்தவர்களுக்குக் குறையவில்லை. துறைத் தலைவர் கூப்பிட்டு, அடுத்த மாதமும் இப்படியே இருந்தால் வேறு இடம் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டார். போன மாதம் இரண்டு பேர் மார்க் குறைவதற்கு முன்னாலேயே இறந்துபோனார்கள். அவர்களுடைய பத்தொன்பதும் பதினெட்டும் அப்படியே நிற்கின்றன. இறந்தவர்களைப் பட்டியலிலிருந்து எடுக்க விதி இல்லை. அதில் ஒருவர் ஓய்வுபெற்ற தபால்காரர். கடைசியாக வந்தபோது, அடுத்த வாரம் உனக்கு ஒரு வேடிக்கையான கதை சொல்கிறேன் என்று சொல்லிவிட்டுப் போனாராம். என்ன கதையாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டே இருக்கிறேன் என்று சொல்லி அந்தப் பெண் அழுதார். மனைவி டிஷ்யூ பெட்டியை எதிர்ப்பக்கம் தள்ளினாள். ஐம்பது நிமிடத்தில் ஆலோசகர் நாற்பத்தெட்டு நிமிடம் பேசினார். மனைவி கேட்டுக்கொண்டிருந்தாள்.

பேச்சு சிகிச்சைப் பிரிவில் அந்த வருடம் உருப்படியாக நடந்த பேச்சு சிகிச்சை இது ஒன்றுதான். எந்தப் பதிவேட்டிலும் இது ஏறவில்லை.

நான்காவது வாரம் மனைவி சொன்ன எண்களைக் கூட்டினால் பதினைந்து வந்தது. மெக்கானிக் இரண்டு முறை கூட்டிப் பார்த்தார். வாயில்காப்பாளரிடம் சொன்னார், ஊசி வார்டு நர்ஸிடம் சொன்னார், அக்காவுக்குப் போன் போட்டுச் சொன்னார். அழுத்தமானியில் முள் இறங்கினால் அழுத்தம் இறங்கியதாகத்தான் அர்த்தம் என்பது அவருடைய தொழில் கற்றுக்கொடுத்தது. அந்தப் பெண்ணின் வேலைக்காகத்தான் மனைவி குறைத்துச் சொல்கிறாள் என்பது அவருக்குத் தெரியாது. அவள் கணக்கு வேறு. ஐந்தாவதுக்குப் பத்து, ஆறாவதுக்கும் பத்து. பத்துக்குக் கீழே மட்டும் போகக்கூடாது. ஏழாவதில் மனத்தில் இருப்பதைச் சொல்லிவிட்டால், அதற்கப்புறம் என்ன மார்க் வந்தால் என்ன?

ஐந்தாவது வாரம் ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டு வந்தாள். தூக்கத்துக்கு வந்தபோது, “ஒண்ணு போடுங்க” என்றாள்.

மெக்கானிக் பேனாவைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு யோசித்தார். அந்த வாரம் முழுக்க அவள் அசையாமல் தூங்கியதை அவர் தம் கண்ணால் பார்த்திருந்தார். இல்லாத பழுதை இருக்கிறது என்று முப்பது வருடத்தில் ஒருமுறைகூட அவர் எழுதியதில்லை. பூஜ்ஜியம் போட்டார்.

மேசைக்காரர் கூட்டிப் பார்த்துவிட்டு நாற்காலியிலிருந்து எழுந்து நின்று கைகொடுத்தார். மொத்தம் ஒன்பது. ‘குணமடைந்தார்’ என்று அச்சடித்த சான்றிதழில் மனைவியின் நோயாளி எண்ணை எழுதினார். அவள் கதவை நோக்கி நடந்தபோது தடுத்தார். “உங்களுக்கு இனிமே உள்ள வேலையே இல்லம்மா. போய் சந்தோஷமா இருங்க.”

“பத்துன்னுல்ல வரணும்?” மனைவி கணவர் பக்கம் திரும்பினாள். “நான் சொன்னதையெல்லாம் எழுதினீங்களா?”

“தூக்கத்துக்கு ஒண்ணுன்ன. நீ நல்லாத்தானே தூங்கின? பக்கத்துலயே பார்த்துக்கிட்டுதானே இருக்கேன்.”

அவள் அவர் கையிலிருந்த பேனாவைப் பார்த்தாள்.

“கண்ணை மூடிக்கிட்டுப் படுத்திருந்தேங்க. நான் அசைஞ்சா நீங்க எழுந்து உட்கார்ந்துடறீங்க.”

மெக்கானிக் படிவத்தைத் திரும்பக் கேட்டார். தவறு தம்முடையது, ஒரே ஓர் எண், திருத்திக் கொடுத்துவிடுகிறேன் என்றார். குணம் பதிவேட்டில் ஏறிவிட்டால் அழிக்க முடியாது என்றார் மேசைக்காரர். சோகம் திரும்ப வந்தால் ‘மறுசோகம்’ என்ற தலைப்பில் ஆறு மாதம் கழித்து விண்ணப்பிக்கலாம். அது உண்மையிலேயே திரும்ப வந்த சோகம்தான் என்று ஆலோசகர் எழுதித் தரவேண்டும். குணமானவர்கள் ஆலோசகரைச் சந்திக்க அனுமதி கிடையாது. புற்றுநோய் மருத்துவர் முந்தின வாரம் மெக்கானிக்கைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்ன கணக்கும் ஏறத்தாழ அதே ஆறு மாதம்தான். மனைவிக்குக் கேட்காதபடி அதையும் அவர் மேசைக்காரரிடம் சொன்னார். அப்படியென்றால் இப்போதே ஒரு விண்ணப்பம் எழுதி வைத்துவிட்டுப் போங்கள், வரிசையில் முன்னால் இருக்கும் என்றார் அவர்.

மூன்று நாள் வேலைக்கு லீவு போட்டுவிட்டு மெக்கானிக் அலைந்தார். மனுக்கள் கொடுத்தார். நான்காவது நாள் துறைத் தலைவரிடமிருந்து தடித்த காகிதத்தில் ஒரு கடிதம் வந்தது. பிரித்துப் பார்த்தால் ஆண்டு விழா அழைப்பு. அந்த வருடத்தின் மிக விரைவான குணம் என்று மனைவியை மேடையில் கௌரவிக்கப் போகிறார்களாம். ஊசித் தேதிக்கு எட்டு நாள் முன்னால் விழா.

போகவேண்டாம் என்றார் அவர்.

“போகலாம்,” என்றாள் மனைவி. “மைக் குடுப்பாங்க இல்ல?”

விழா அரங்கத்தில் முன்வரிசை சோபாக்கள் அதிகாரிகளுக்கு. நோயாளிகளுக்குப் பின்னால், மடக்கு நாற்காலி. துறைத் தலைவர் அரை மணி நேரம் பேசினார்.

“இந்தப் பிரிவு ஆரம்பிச்சப்ப ஒரு நோயாளி ஒரு அமர்வுல சராசரியா நாற்பத்தொரு நிமிஷம் பேசிக்கிட்டிருந்தார். இன்னைக்கு நாலே நிமிஷம். துக்கத்தை எவ்வளவு குறைச்சிருக்கோம்னு நீங்களே கணக்குப் போட்டுக்கலாம்.” கைதட்டல் அடங்கக் காத்திருந்தார். “ஒருத்தர் சொல்றதைக் கேக்கறதுக்குப் படிப்பு வேண்டாம். பஸ்ஸுல பக்கத்து சீட்டுக்காரர்கூடக் கேப்பார். நாங்க அளக்கறோம். அதுதான் வித்தியாசம்.” பிறகு, தம் குறைகளையும் மறைக்கப் போவதில்லை என்றார். “சில பேர் பாதியிலயே வராம நின்னுடறாங்க. கடிதம் போட்டா பதில் இல்லை. விசாரிச்சா, காலமாயிட்டாங்கன்னு தெரியுது. சிகிச்சையில ஈடுபாட்டுக் குறைவுன்னுதான் இதைச் சொல்லணும். அடுத்த வருஷம் இதுல கவனம் செலுத்துவோம்.”

மனைவியைக் கைத்தாங்கலாக மேடையேற்றினார்கள். வாசிப்பதற்கு ஒரு தாளும் கொடுத்திருந்தார்கள். அதை மடித்து வைத்துவிட்டு, மைக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

“எல்லாருக்கும் வணக்கம். நான் சீக்கிரமே குணமாயிட்டேன்னு சொல்றாங்க. அதனால எனக்கு ஏழாவது அமர்வு கிடைக்கல. நான் அதுக்காகத்தான் வந்துக்கிட்டிருந்தேன். அதுல என்ன இருக்குன்னு இங்க யாருக்காவது தெரியுமா?”

சோபாவில் இருந்தவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். துறைத் தலைவருக்கும் தெரியவில்லை என்பது அவர் முகத்திலேயே தெரிந்தது. ஆனால் அனுபவசாலி. மைக்கை வாங்கி, “பாருங்க, குணமான பிறகும் பாடம் படிக்கணும்ங்கற ஆர்வம்” என்றார். அன்றைய தினத்தின் பெரிய கைதட்டல் அதற்குத்தான். கேடயம் கொடுத்தார்கள். சிரிக்கச் சொல்லி இரண்டு முறை படம் எடுத்தார்கள்.

வெளியே படிக்கட்டில் ஆலோசகர்ப் பெண் நின்றிருந்தார். அந்த ஒன்பதால் அவருக்கு வேலை நீட்டித்துவிட்டார்கள். குணமானவர்களோடு பேசக்கூடாது என்பதால், இரண்டடி தள்ளி நின்றிருந்த மனைவியைப் பார்க்காமல், கையேட்டிலிருந்து கிழித்த ஒரு தாளை மெக்கானிக்கிடம் நீட்டினார். “சார், இதை அக்காகிட்ட குடுத்துடுங்க. நானும் இப்பத்தான் படிச்சேன். என்கிட்ட இதுவரைக்கும் யாரும் ஏழு வரைக்கும் வந்ததில்லை.”

பேருந்து நிறுத்தத்தில் உட்கார்ந்து மெக்கானிக் அதை வாசித்துக் காட்டினார்.

‘அமர்வு ஏழு. நோயாளி தம் மனத்தில் உள்ள முக்கியமான விஷயத்தை, வீட்டில் தமக்கு மிக நெருக்கமானவரிடம் சொல்லிவிட வேண்டும் என்று அறிவுறுத்துக. ஆலோசகர் அதைக் கேட்கவேண்டிய அவசியமில்லை. மீதமுள்ள நேரத்தில் முந்தைய அமர்வுகளின் அறிக்கைகளை எழுதி முடிக்கவும்.’

மனைவி சிரித்தாள். சிரித்து, இருமல் வந்து, கண்ணில் நீர் முட்டி, தொப்பியின் ஓரத்தால் துடைத்துக்கொண்டாள். பிறகு இருவரும் சாலையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

“சொல்லு,” என்றார் அவர்.

“என்னத்தை?”

“ஏழாவதை.”

“எனக்கு அடுத்த ஊசி வேண்டாங்க.”

அதெல்லாம் ஒன்றும் ஆகாது என்பது நாக்கு நுனிவரை வந்தது. அவர் வாயை மூடிக்கொண்டார். அந்த நிறுத்தத்தில் எழுந்து போய்ச் செய்வதற்கு ஒரு வேலையும் இல்லை.

“வலி தாங்கலையா?” என்று கேட்டார்.

“வலிக்காக இல்லைங்க. இருக்கற கொஞ்ச நாளும் வாந்தியிலயும் பயத்துலயும் போயிடுது. மிச்சத்தை உங்ககூட வீட்டுல இருந்துட்டுப் போறேன்.” ஒரு பேருந்து வந்து நின்று, அவர்கள் எழுந்திருக்காததைப் பார்த்துவிட்டுப் போனது. “நான் சாகப்போறேன்னு நீங்க ஒரு தடவை ஒத்துக்கிட்டாப் போதும். எனக்கு மட்டும் தெரிஞ்ச மாதிரி வச்சுக்கிட்டு இருக்கறது ரொம்பப் பாரமா இருக்கு.”

“எனக்கும் தெரியும்,” என்றார் அவர். “டாக்டர் சொன்னார்.”

“எப்ப?”

“ஒரு மாசமாச்சு.”

அவள் அவர் கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். மரத்துப்போன விரல்களுக்கு அந்தக் கையின் சூடு தெரிந்ததோ என்னவோ. இன்னும் இரண்டு பேருந்துகள் போயின.

மறுநாள் காலை மெக்கானிக் ஊசி வார்டுக்குப் போன் போட்டார். எடுத்த பெண்ணிடம் மனைவியின் எண்ணைச் சொல்லி, அந்தத் தேதியை ரத்து செய்யச் சொன்னார். காரணம் கேட்டாள். அவளிடம் ஒரு பட்டியல் இருந்தது, வாசித்தாள். வெளியூர்ப் பயணம், வாகனம் கிடைக்கவில்லை, ஜுரம், இறப்பு.

“பேசினோம்,” என்றார் அவர்.

“அப்படி ஒண்ணு இதுல இல்லையே சார்.”

“ரெண்டு பேரும் பேசி, வேண்டாம்னு முடிவு பண்ணினோம்.”

“‘இதர’ன்னு போட்டுக்கறேன்.” பிறகு அக்கறையான குரலில் கேட்டாள். “சார், இந்த மாதிரி நேரத்துல பேசறதுக்குன்னே நாலாவது மாடியில ஒரு பிரிவு இருக்கு. பேர் குடுத்து வைக்கட்டுமா?”

“அங்க குணமாயிட்டாம்மா,” என்று சொல்லிவிட்டுப் போனை வைத்தார். வைத்த கை போன்மேலேயே இருந்தது. நெற்றியைச் சுவரில் சாய்த்துக்கொண்டு நின்றார்.

உள்ளே அறையிலிருந்து மனைவி என்ன சொன்னார்கள் என்று கேட்டாள். பதில் வராததால் மறுபடி கேட்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்து அவள் குரல் வந்தது.

“அழுது முடிச்சுட்டு வாங்க. அவசரமில்ல.”

அவர் முடிக்காமலே உள்ளே போனார்.